தேசிங்கு சொன்ன ‘ஆபீஸ்’

ஜன்னல் என்று சொன்னாலும் அது ஜன்னல் இல்லை. ஆபீஸ் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டிய ஓட்டை, அதற்கு நகர்த்தும் கண்ணாடி ஒன்று. யார்டு ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். கேட் பாஸ், லீவு லெட்டர், விரல் நசுங்கினால் பஞ்சும் மருந்தும் எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான்.

அன்று மதியம் அதற்கு வெளியே தேசிங்கு நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். நெற்றியில் அதன் பட்டை பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையின் நிலக்கரித் தூசி வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் கருப்பாக வழிந்தது.

அவர் எங்கள் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டும் பாஷாவுக்குச் சுமை தெரியாத இடத்தில் நின்று, ஏற்று, இறக்கு என்று வழிசொல்கிற வேலை. அரை மணி நேரத்துக்கு முன்னால், டிரெய்லரில் இறக்க வேண்டிய பெரிய மரப்பெட்டி ஒன்று கிரேனிலிருந்து சாய்ந்து விழுந்து உடைந்துவிட்டது. உள்ளே ஏதோ ஆலைக்குப் போகிற இயந்திரம். யாருக்கும் அடி இல்லை. ஆனால் பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹெட் ஆபீஸ் நாலு மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்றது. ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.

“என்ன நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க” என்றேன். டைப் அடிக்கக் கை தயாராக இருந்தது.

“பொட்டி எறங்கிகினு இருந்துச்சு மேடம். வாக்கி டாக்கி அவுட்டு. ஒரு பக்கம் பெல்ட்டு நவுந்துச்சு, நான் பாத்துட்டேன். ஆபீஸ் ஆபீஸ்னு கத்தினேன், பாஷா பாய்க்கு கேக்கல. ஆபீஸ் ஆபீஸ்னு கத்திகினே ஓடினேன். அதுக்குள்ள பொட்டி சாஞ்சிடுச்சு.”

அவர் ஓடி வந்ததை நானே பார்த்திருந்தேன். மூச்சு வாங்க இதே ஓட்டைக்கு வெளியே வந்து நின்று, “பொட்டி வுயிந்துடுச்சு மேடம்” என்று முதலில் சொன்னது அவர்தான். எல்லாம் பொருந்தியது. மளமளவென்று ஆங்கிலத்தில் அடித்தேன். பெட்டியைக் கட்டிய பெல்ட் நகர்வதைக் கண்ட சிக்னல்மேன், சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போதே, தான் நிற்க வேண்டிய இடத்தை விட்டு அலறியபடி ஆபீசுக்கு ஓடிவந்தார். அதாவது அந்த ஆங்கிலத்தின் தமிழ் இது.

பிரிண்ட் எடுத்து ஓட்டை வழியாக நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இன்னா கீது மேடம்?”

“நீங்க சொன்னதுதான்.”

பேனாவை வாங்கி, தமிழில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

மேகமூட்டம்

சென்ற வாரம் நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்த கதையைச் சொன்னேன். ரிப்போர்ட் எழுத எப்படிக் கற்றேன் என்று சொல்லவில்லை. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் பதில். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தடித்த ஃபைலை விட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்து எழுதினேன். அவருக்கும் அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஃபைல்தான் வாத்தியார் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டிலும் இரண்டாவது வரி ஒன்றுதான். ‘சம்பவ நேரத்தில் வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது.’ எப்போதோ ஒரு மழைக்காலத்தில் யாரோ உண்மையாக எழுதியிருக்க வேண்டும். அதன்பிறகு சித்திரை வெயிலில் தார் உருகும் நாளிலும் எங்கள் யார்டுக்கு மேல் மட்டும் மேகம் நின்றது. நானும் எட்டு மாதம் அந்த மேகத்தை அங்கேயே நிற்க வைத்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. யாராவது படித்தால்தானே கேட்பார்கள்?

இன்னொன்று, ‘பட்டது’. எங்கள் ரிப்போர்ட்டுகளில் யாரும் எதையும் செய்யமாட்டார்கள். பார்க்கப்பட்டது, தெரிவிக்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டது. பெட்டி உடைக்கப்பட்டது என்பார்கள், உடைத்தவர் இருக்கமாட்டார். நல்ல வேலை செய்தவர் பெயரும் இருக்காது. ஆங்கிலத்தில் அது இன்னும் வசதி. எனக்கு அந்த நடை ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தண்டையார்பேட்டை மளிகைக்கடைக்காரர் மகள், கான்வென்ட் பார்க்காதவள், இப்படி இங்கிலீஷ் எழுதுகிறாளே என்று நானே என் முதுகைத் தட்டிக்கொள்வேன்.

சாக்கு வந்துச்சா?

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாசரேத் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கே வந்து கடை வைத்தவர். நாற்பது வருடம் மெட்ராசில் இருந்தும் பேச்சு மட்டும் தாமிரபரணியை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் “இன்னா நாடாரே” என்று பேச, அவர் “சொல்லுங்க, என்ன வேணும்” என்று இழுத்துப் பேசுவார்.

பள்ளி விட்டு வரும் வழியில் கொத்தவால்சாவடி லாரி ஆபீசில் சரக்குச் சாக்கு வந்துவிட்டதா என்று பார்த்து வரச் சொல்வார். நான் வந்து ஆரம்பிப்பேன். பஸ் வரவில்லை, மூலக்கொத்தளம் வரைக்கும் நடந்தேன், அங்கே சாவு ஊர்வலம், ஒரே பறை, பூவெல்லாம் ரோட்டில் என்று. அப்பா தராசில் புளியை வைத்துக்கொண்டே சொல்வார்.

“ஏட்டி, சாக்கு வந்துச்சா, வரலையா? அத மொதல்ல சொல்லு. சாவு வீட்டுக்கு நாம பொறவு போவோம்.”

எனக்குக் கோபமாக வரும். அவருக்கு ரசனையே இல்லை என்று அம்மாவிடம் புகார் செய்வேன். அவர் சொன்னதில் என்ன இருந்தது என்பது புரிய எனக்கு ஒரு மரப்பெட்டி உடைய வேண்டியிருந்தது. பட்டால்தான் தெரியும் என்பார்கள். என் விஷயத்தில் பட்டது நான் இல்லை, இன்னொருவர். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓட்டைக்கு வெளியே கன்னியம்மா

ரிப்போர்ட் போன மூன்றாம் நாள் ஹெட் ஆபீசிலிருந்து பதில் வந்தது. சுமை தொங்கும்போது இடத்தை விட்டு ஓடிய சிக்னல்மேனின் கேட் பாஸை ரத்து செய்யவும். ஒரே வரி. அவர்கள் எழுதுவது எல்லாம் ஒரே வரியாகத்தான் இருக்கும்.

கேட் பாஸ் போவது என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு என்னவென்று தெரியும். ஒரு யார்டில் போனால் அடுத்த யார்டு வாசலில், “அங்க ஏன் நிறுத்துனாங்க?” என்று கேட்பார்கள். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் வரிசையாக யார்டுகள் இருந்தாலும் வாசல்காரர்களுக்குள் ஒரே பேச்சுத்தான். சுமையை விட்டு ஓடினவன் என்ற பெயரோடு ஒரு சிக்னல்மேன் எங்கே போய் நிற்க முடியும்? பத்தொன்பது வருடம் அவர் கை அசைவை நம்பித்தான் ஆட்கள் சுமைக்குக் கீழே வேலை பார்த்தார்கள்.

அடுத்த நாள் அவர் மனைவி வந்தார். கன்னியம்மா. விம்கோ நகர் ரயில்வே கேட் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஓட்டை வழியாக என்னைத் தேடிப் பிடித்த பார்வையே சரியில்லை.

“நீதான் எய்திக் குடுத்த பொண்ணா?”

“ஆமா.”

“எங்கூட்டுக்காரு பயந்து ஓடினாருன்னு எய்தினியாமே. நீ பாத்தியா?”

“அவரே சொன்னதுதாம்மா. கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“அந்த ஆளு தூக்கத்துல கூட கைய ஆட்டிகினு, ஏத்து எறக்குன்னு கூவிகினு கெடக்குற ஆளு. பொட்டிய வுட்டுட்டு ஓடினாராம். நல்லா எய்தின போ!”

அதற்கு மேல் அவர் திட்டியதை இங்கே அச்சிட ஆசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் கண்ணாடியை நகர்த்தி மூடினேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் சொன்னதை எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார், இதில் என் தப்பு என்ன? அன்று முழுக்க எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

இருநூறு அடி

இன்னொரு வாரம் போனது. உடைந்த பெட்டிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்து அனுப்பச் சொன்னார்கள். பியூன் லீவு. நானே போனேன்.

என் நாற்காலிக்கும் யார்டுக்கும் இருநூறு அடி தூரம் இருக்கும். எட்டு மாதத்தில் நான் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஏ.சி. அறையில் கண்ணாடியை மூடிக்கொண்டு, பார்க்காத இடத்தைப் பற்றி ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக எழுதித் தள்ளியிருக்கிறேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

வெளியே வந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. தரையின் சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. தலைக்கு மேலே மேகம் பெயருக்குக்கூட இல்லை. பெட்டி கிடந்த மூலைக்குப் போய்க் குனிந்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“ஆபீஸ்! ஆபீஸ்!”

யாரோ பெரிய குரலில் கூப்பிட்டார்கள். சரி, சிவராமன் சார் கூப்பிடுகிறார் போல என்று நிமிர்ந்தேன். சிவராமன் சார் எங்கள் மேனேஜர். ஒரு ஃபோன் வந்தாலும் ஊரைக் கூட்டுகிறவர். விடுவிடுவென்று திரும்பி ஆபீசுக்குப் போனேன்.

“கூப்பிட்டீங்களா சார்?”

“இல்லையேம்மா.”

திரும்பப் போனேன். குனிந்தேன். மறுபடியும், “ஆபீஸ்! ஆபீஸ்! ஆபீஸ்!” கோபமாக வந்தது. யார் இப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்தேன். தேசிங்கு இடத்தில் புதிதாக வந்த ஆள், கிரேனைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தக் கத்தக் கொக்கியில் தொங்கிய சுமை மேலே மேலே போனது. பிறகு கையைக் கீழே காட்டி, “ஆரியா, ஆரியா” என்றார். சுமை கீழே இறங்கியது.

பக்கத்தில் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “அவரு எதுக்கு ஆபீஸ் ஆபீஸ்னு கத்தறாரு?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஆபீஸ்னா மேல தூக்கு மேடம். ஆரியான்னா கீய எறக்கு. கப்பல்ல வேல பாத்தவங்க பேச்சு. கிரேன் கீற எடத்துல எல்லாம் இதான்.”

எந்த ஊர்ச் சொல் என்று அவருக்கும் தெரியவில்லை. கடலில் வந்து கரையில் தங்கிவிட்ட சொல். நான் பிறந்து வளர்ந்தது துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். கலீஜ், பேஜார், தோஸ்து எல்லாம் தெரியும். இது தெரியாது.

அப்படியென்றால் தேசிங்கு ஆபீசுக்கு ஓடவில்லை. மேலே தூக்கு, மேலே தூக்கு என்று கத்தியிருக்கிறார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். பெட்டி விழுந்த அன்று டிரெய்லர் நின்ற இடம் இங்கே. நடுவில் மூன்றடுக்குக் கன்டெய்னர் வரிசை. அதற்கு அந்தப் பக்கம் கிரேன், கிரேனுக்குப் பின்னால் ஆபீஸ். குரல் எட்டவில்லை என்றதும், பாஷா கண்ணில் படுகிற இடத்துக்குக் கன்டெய்னரைச் சுற்றி ஓடியிருக்கிறார். பெட்டி விழுந்த பிறகுதான் சேதி சொல்ல என் ஓட்டைக்கு வந்திருக்கிறார். கையைத் தூக்கிக் காட்டிப் பெட்டியைக் காப்பாற்ற ஓடியவரை, பெட்டியை விட்டு ஓடியவராக எழுதிவிட்டேன்.

தமிழில் எழுதியிருந்தால் யார்டில் யாராவது படித்துச் சிரித்துத் திருத்தியிருப்பார்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தச் சொல் நாற்காலி மேசையோடு நிஜமான ஆபீஸ் ஆகிவிட்டது.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

ஓடிப்போய் சிவராமன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போன ரிப்போர்ட் போனதுதான் எஸ்தர். இப்ப மாத்தினா நம்மளத்தான் கேப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“அவருக்கு வேலையே இல்ல சார்.”

“கொஞ்சம் ஆறப்போடுவோம். வேற யார்டுல நானே பேசிப் பாக்கறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் என் இடத்துக்கு வந்து ஃபைலை எடுத்தேன். தேசிங்கு சொன்னதில் இன்னொன்றும் மனதில் அரித்துக்கொண்டிருந்தது. வாக்கி டாக்கி அவுட்டு. அதை நான், ‘தகவல் தொடர்புச் சாதனம் திருப்திகரமாக இல்லை என்று தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். தெரிவிக்கப்பட்டதாம்!

வாக்கி டாக்கி பேட்டரி போய்விட்டது என்று ஒரு மாதம் முன்பே தேசிங்கு என்னிடம் வந்து சொன்னார். நான் மேனேஜருக்குக் குறிப்பு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பாதுகாப்பின் முக்கியத்துவம். இரண்டாம் பக்கத்தில் நம் யார்டின் வளர்ச்சி. கடைசிப் பத்தியின் கடைசி வரியில், ‘மேற்கூறியவற்றைக் கருத்தில் கொண்டு இரண்டு பேட்டரிகள் வாங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படலாம்.’

எனக்கு அழுகை வந்தது. சாக்கு வந்துச்சா, வரலையா? பேட்டரி இல்லை, வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சுமை விழும். ஒரே வரியில் முடிகிற காரியத்தை நான் மாலை கட்டி வைத்திருந்தேன். பாவம் சிவராமன் சார், முதல் பக்கத்தோடு கையெழுத்துப் போட்டு ஃபைலுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே புது ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை முதலில் தமிழில். எழுத எழுத ‘பட்டது’ வந்து வந்து விழுந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுதினேன். யாரால்? அடித்தேன். நான் தவறாகப் புரிந்துகொண்டேன். இந்த ‘நான்’ என்ற ஒரு சொல்லைப் போட எனக்கு அரை மணி நேரம் ஆனது என்றால் நம்புங்கள்.

கேக்கல

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் விம்கோ நகரில் இறங்கினேன். இட்லிக் கடையில் கூட்டம். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இன்னா, இன்னொரு கையெய்த்தா?”

“இல்லம்மா. எழுதினதப் படிச்சுக் காட்ட வந்திருக்கேன்.”

தேசிங்கு அப்போதுதான் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பத்தொன்பது வருடம் டன் கணக்கில் சுமையை ஆட்டிவைத்த கை. கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார்.

படித்தேன். என் முந்தைய ரிப்போர்ட் தவறு. ஆபீஸ் என்றால் மேலே தூக்கு என்பது எனக்குத் தெரியாது. சிக்னல்மேன் சுமையை விட்டு ஓடவில்லை, சுமையைக் காப்பாற்ற ஓடினார். வாக்கி டாக்கி வேலை செய்யவில்லை. பேட்டரி வேண்டும் என்று அவர் ஒரு மாதம் முன்பே சொன்னார். சிக்னல்மேன் கத்தியும் ஆப்பரேட்டர் பாஷா கேட்கவில்லை.

“நிறுத்து நிறுத்து” என்றார் தேசிங்கு. “அது இன்னா, பாஷா பாய் கேக்கலன்னு?”

“நீங்கதான் சொன்னீங்க, கேக்கலன்னு.”

“பாய்க்கு கேக்கலன்னு சொன்னேன் மேடம். பாய் கேக்கலன்னு எய்தினா, நான் சொல்லியும் அந்த ஆளு மதிக்காத எறக்கிட்டாருன்னு ஆவும். நாளைக்கு அவுரு கேட் பாஸ புடுங்குவானுங்க. டிரெய்லர் காரன் ஹாரன் அட்ச்சினு இருந்தான். அவுரு காதுல வுயில. அப்டி எய்து.”

தன் வேலையைக் காப்பாற்ற வந்த காகிதத்தில் இன்னொருவர் வேலை போகிறதா என்று பார்க்கிறார் மனிதர். நான் தலையைக் குனிந்துகொண்டு, காதில் விழவில்லை என்று மாற்றினேன். ஒரு ‘க்கு’ விடுபட்டதில் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.

நம் மொழியில் ‘கேட்கவில்லை’ பொல்லாத சொல். காதில் விழவில்லை என்றாலும் கேட்கவில்லை. சொல்லியும் மதிக்கவில்லை என்றாலும் கேட்கவில்லை. ஒரு கேள்வி போடவில்லை என்றாலும் கேட்கவில்லைதான். பாஷாவுடையது முதல் வகை. மூன்றாவது வகை என்னுடையது. ஆபீஸ் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதையும் அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன்.

 நான் கிளம்பும்போது கன்னியம்மா நாலு இட்லியை வாழை இலையில் கட்டிக் கையில் திணித்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்து நான் சிரித்ததும், “துன்னுட்டு ஒய்ங்கா எய்து” என்றார்.

சிவராமன் சாரின் பேனா

ஆங்கிலத்தில் அடித்து சிவராமன் சார் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம்தான். அவர் அனுப்பமாட்டார், நானே என் பெயரில் அனுப்புகிறேன் என்று சண்டை போடத் தயாராக நின்றேன். மனதுக்குள் நல்ல நல்ல வசனமெல்லாம் இருந்தது.

அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு வரியில் பேனா நின்றது. ‘பேட்டரி பற்றிய குறிப்பு கவனிக்கப்படவில்லை.’ என்னைப் பற்றி ‘நான்’ போட்டேனே தவிர, அவரைக் காப்பாற்ற அங்கே மட்டும் பழைய பழக்கத்தை விட்டு வைத்திருந்தேன்.

அவர் அதை அடித்துவிட்டு மேலே தன் கையால் எழுதினார். ‘அந்தக் குறிப்பை நான் கடைசிவரை படிக்கவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டார்.

“நீயும் பேட்டரி விஷயத்த மேலயே எழுதித் தொலைச்சிருக்கலாம்” என்றார். என் வசனங்கள் எல்லாம் வீணாகப் போயின.

ஹெட் ஆபீசிலிருந்து எங்கள் இருவருக்கும் கடுமையான கடிதம் வந்தது. எனக்கு அந்த வருடப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. வருத்தப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வாரமே பேட்டரி வந்தது. பத்து நாள் கழித்து தேசிங்கின் கேட் பாஸும் வந்தது.

இப்போது பல கம்பெனிகளுக்குப் போய் ரிப்போர்ட் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நாலு வரி சொன்னால் கம்ப்யூட்டரே நாலு பக்கம் எழுதித் தருகிறது என்று காட்டுகிறார்கள். நன்றாகத்தான் எழுதுகிறது, எங்கள் ஃபைலின் மேகமூட்டம் மட்டும்தான் அதில் பாக்கி. யார் சொன்னதை எழுதினீர்களோ அவரிடம் அதைப் படித்துக் காட்டினீர்களா என்று கேட்பேன். 

தேசிங்கு திரும்பி வந்த நாளுக்கு வருகிறேன். காலை ஷிப்டுக்கு முன்னால் ஓட்டைக்கு வெளியே வந்து நின்றார். ஹெல்மெட் தலையில் இருந்தது. நான் கேட் பாஸை நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

“மேடம், அந்தப் பயைய காயிதம் கீதா? நான் கையெய்த்துப் போட்டது?”

“இருக்கு. எதுக்கு?”

“அத்த ஒரு தபா படிச்சுக் காட்டு.”

ஃபைலிலிருந்து எடுத்தேன். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது என்றதும் அவர் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தார். சிக்னல்மேன் இடத்தை விட்டு அலறியபடி ஆபீசுக்கு ஓடிவந்தார் என்ற வரி வந்ததும் என் குரல் தணிந்துவிட்டது. அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

“இத்த அன்னிக்கே படிச்சுக் காட்டியிருந்தா வுயிந்து வுயிந்து சிரிச்சிருப்பேன் மேடம்” என்றார்.

அன்று அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு கிரேன் பக்கம் நடந்தார். நான் கண்ணாடியை மூடாமல் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

“ஆபீஸ்! ஆபீஸ்!”